குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் என் குரல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கக்கூஸ் குழாய் நின்றுகொண்டிருந்தது. மண்ணுக்குள் இருக்க வேண்டிய சாமான், செங்குத்தாக, என் நெஞ்சு உயரத்துக்கு, சாமி படத்துக்கு நேர் எதிரில் நின்றது. அதன் வாயில் ஒரு ஸ்பீக்கரை வானம் பார்க்க வைத்து இறுக்கியிருந்தார் என் வீட்டுக்காரர். முதல் தடவை வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிறகு மழை பெய்ததா என்று விசாரிப்பார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த என் பெரியப்பா மட்டும், குழாய்க்குள்ளிருந்து செய்தி வாசிக்க ஆரம்பித்ததும் பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை. கல்யாணமாகி நான் விருத்தாசலத்துக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் பீங்கான் ஃபேக்டரியில், சூளைப் பிரிவில் சூப்பர்வைசர். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் நேராக நிற்கிற கப் கிடையாது. சூளையில் வெந்து வரும்போது கோணிக்கொண்டதை ஃபேக்டரியில் கழித்துப் போடுவார்கள், அதை ஊர் எடுத்துக்கொள்ளும். காது இல்லாத ஜாடி, மூடி பொருந்தாத கூஜா, ஒரு பக்கம் சரிந்த தட்டு, இவற்றில்தான் எங்கள் குடித்தனங்கள் நடந்தன. இந்தக் குழாயும் அப்படி வாய் கோணி வந்ததுதான். மற்றவர்கள் தட்டும் ஜாடியும் பொறுக்கினார்கள், இவர் குழாயைப் பொறுக்கினார்.

ரேடியோ வேலையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு இருந்த பெருமை, சம்பளம் உயர்ந்தபோதுகூட இருந்ததில்லை. பழைய செட்டுகளைப் பிரித்துப் பிரித்து, சென்னை மூர் மார்க்கெட்டில் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, கையில் ஷாக் அடித்து அடித்து, தானாகக் கற்றுக்கொண்டார். அதில் ஒரு தத்துவமும் உண்டாக்கிக்கொண்டார். மரம் நடுங்கும், தகரம் அலறும், வெந்த மண் ஒன்றுதான் சும்மா இருக்கும். ஆகவே ஸ்பீக்கருக்கு ஏற்ற கூடு வெந்த மண்தான். இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டிய ஊர் விருத்தாசலம், சொல்ல வேண்டிய ஆள் அவர்.

இந்தத் தத்துவத்துக்கு எதிரி என் தம்பி.

தம்பி சென்னையில் எஞ்சினியரிங் படித்தவன். ரேடியோ செய்கிற ஒரு கம்பெனியில், புது செட்டுகளுக்கு வரைபடம் போடுகிற பிரிவில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை ரயிலேறி வருவான். அக்காவைப் பார்க்க வருகிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவாள். வந்தவன் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குழாயிடம் போவான்.

"மாமா, எது குழாயோ அது ஊதும். அதுக்குன்னு ஒரு சுருதி இருக்குது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த இடம் வந்தா தூக்கிக் காட்டும். கணக்குப் போட்டே சொல்லிடலாம்."

"கணக்குல கேக்குமா மாப்ள? காதுல கேளு."

"காது பொய் சொல்லும் மாமா."

"உன் மீட்டரு சொல்லாதா?"

நான் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். தம்பி தன் காதை நம்ப மாட்டான், மீட்டர் முள் நகர்ந்தால்தான் சத்தம் வந்ததாகவே ஒத்துக்கொள்வான். இவரோ முள் எங்கே போனாலும் கவலைப்பட மாட்டார், கண்ணை மூடித் தலையை ஆட்டினார் என்றால் அதுதான் தீர்ப்பு. இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. தோசை ஆறிப்போனது இருவருக்குமே தெரியாது.

உண்மையைச் சொன்னால் குழாய் ஊதத்தான் செய்தது. செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இறங்கி நின்று வாசிப்பது மாதிரி இருக்கும். தம்பி சொன்னதை நேருக்கு நேர் ஒப்புக்கொள்ளாமல், அவன் ரயிலேறிப் போனதும் இவர் குழாய்க்குள் இலவம் பஞ்சு அடைப்பார். பஞ்சு என் தலையணையிலிருந்து போகும். குழாய் தேறத் தேற என் தலையணை மெலிந்தது. கழுத்து வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன். "இப்ப கேளு, எவ்வளவு தெளிவா இருக்குது" என்றார்.

தம்பி சும்மா இருப்பானா? படித்தவன் செய்தால் எப்படி இருக்கும் என்று காட்ட, சென்னையிலேயே ஒரு பெட்டி செய்தான். இத்தனை கன அடி காற்று, இத்தனை அங்குலக் கனம், காற்று புகாமல் அடைப்பு என்று காகிதம் காகிதமாகக் கணக்கு. ரயிலில் பார்சலாக வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் எங்கள் தெருவுக்கு வந்து இறங்கியது. தெருவே கூடிவிட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பெட்டி உள்ளே நுழையவில்லை. குறுக்கே பிடித்தார்கள், படுக்க வைத்தார்கள், ஒருக்களித்தார்கள். கணக்கில் எல்லாம் இருந்தது, எங்கள் வீட்டு நிலைப்படி இல்லை. என் வீட்டுக்காரர் உதவி செய்கிற மாதிரி ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

கடைசியில் பெட்டியின் பின்பலகையையும் பக்கப்பலகையையும் கழற்றி, உள்ளே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினார்கள். காற்று புகாத அடைப்பு அதோடு போயிற்று. இடுக்கெல்லாம் கோதுமைப் பசை வைத்துக் காகிதம் ஒட்டினான் எஞ்சினியர். கரப்பான் பூச்சிகள் அதைத் தின்ன, தின்னும் சத்தமும் தெளிவாகவே கேட்டது. ஆக, கூடத்தில் ஒரு மூலையில் குழாய், எதிர் மூலையில் பெட்டி. நடுவில் பாய் விரித்தால் ஒருவர் படுக்கலாம், அதுவும் கால் மடக்கி.

இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சோதனைக் குரல் நான்தான். ஒலிபெருக்கிக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய மைக் ஒன்றை இவர் வாங்கி வந்திருந்தார். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே அறையில் இருந்தால் வீல் என்று கூவும். அதனால் மைக்கோடு என்னைச் சமையலறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் ஒன்று இரண்டு மூன்று சொல்ல வேண்டும், அ ஆ இ ஈ சொல்ல வேண்டும், பிறகு ஏதாவது பாட வேண்டும். கூடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்பார்கள். "மேல கொஞ்சம் கூசுது" என்பான் தம்பி. "அடியில வெயிட்டு இல்ல" என்பார் இவர். ஊரில் யாருடைய குரலும் என் குரல் அளவுக்கு ஆராயப்பட்டிருக்காது. எனக்கு மட்டும் அது கேட்டதே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அது எப்படித்தான் ஒலிக்கிறது என்று நினைத்துக்கொண்டே குழம்பைக் கிளறுவேன். டேப்ரெக்கார்டர் என்பதெல்லாம் அப்போது எங்களுக்கு எட்டாத சரக்கு. எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்து சேர்ந்தபோது எழுபதுகள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அதற்குள் பிள்ளைகளை அதட்டி அதட்டி என் தொண்டை வேறு தொண்டை ஆகியிருந்தது.

சிறு வயதிலிருந்தே நான் பாடுவேன். நன்றாகப் பாடுகிறேன் என்று சொல்வார்கள். ஆனால் பாடுகிறவளுக்குத் தன் குரல் உள்ளுக்குள்ளிருந்துதான் கேட்கும். மற்றவர்கள் கேட்கிற மாதிரி ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அல்ப ஆசைதான். நகை மேலோ புடவை மேலோ எனக்கு அப்படி ஒரு ஆசை இருந்ததில்லை.

அந்த ஆசை பலிக்கிற மாதிரி ஒரு காரியம் நடந்தது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான் ஒரு தாலாட்டு பாடினேன். எங்கள் பக்கத்துத் தாலாட்டு, அம்மா பாடுவது. விழாவுக்கு வந்திருந்த அதிகாரி அம்மாள் ஒருவர், இதை ரேடியோவில் பெண்கள் நிகழ்ச்சிக்குப் பாடலாமே என்று சொல்லி, ஏற்பாடும் செய்துவிட்டார். ரேடியோ நிலையத்துக்கு நானும் இவரும் ரயிலேறிப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையைக் காட்டினார், நான் பாடினேன், மறுபடியும் கையைக் காட்டினார், முடித்துவிட்டேன். போட்டுக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அடுத்து பாட வேண்டிய அம்மாள் உள்ளே வந்துவிட்டார். "ரேடியோல வரும்போது கேட்டுக்குங்க" என்றார்கள். மறுபடி எப்போதாவது போடுவீர்களா என்று கேட்டேன். இல்லையம்மா, ஒரு தடவைதான், அந்த டேப்பில் அடுத்த வாரமே வேறு பதிவு ஆகிவிடும் என்று மரியாதையாகவே சொன்னார்கள். சரி, ஒரு தடவை போதும் என்று திரும்பி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பாட்டு வரும் என்று தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் கல்யாண வேலைதான். இவர் செட்டுக்குப் புது வால்வு போட்டார். மொட்டை மாடியில் ஏரியல் கம்பியை இன்னும் நீளமாகக் கட்டினார். எனக்காக இவ்வளவு செய்கிறாரே என்று மனசு குளிர்ந்துபோயிற்று. தம்பி முதல் நாள் ரயிலிலேயே வந்துவிட்டான். வரும்போது பித்தளையில் ஒரு சுவிட்ச் கொண்டு வந்தான். இந்தப் பக்கம் தள்ளினால் ரேடியோ குழாயில் கேட்கும், அந்தப் பக்கம் தள்ளினால் பெட்டியில் கேட்கும். நாளைக்கு உண்மை தெரிந்துவிடும் என்றான். எதைப் பற்றிய உண்மை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாயசத்துக்கு ஊறப்போட்ட ஜவ்வரிசியை அப்போதே கொட்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்தேன். தலை சீவிப் பூ வைத்துக்கொண்டேன். ரேடியோவில் வரப்போவது என் குரல்தானே, முகம் இல்லையே என்று எனக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும் வைத்துக்கொண்டேன். கூடத்தின் நடுவில் பாயை விரித்து உட்கார்ந்தேன். பெண்கள் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. யாரோ ஒரு அம்மாள் வேப்பம்பூ பச்சடி செய்யச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி சுவிட்சை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தான். பச்சடிக்கு வெல்லம் குழாயில் விழுந்தது, உப்பு பெட்டியில் விழுந்தது.

அப்போதுதான் தம்பி அதைச் சொன்னான்.

"மாமா, குழாயையும் பெட்டியையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாக்கறது தப்பு. எது அசலுக்குக் கிட்ட வருதுன்னு பாக்கணும். அசல் இங்கதான குந்தியிருக்குது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. "மாப்ள, இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான் நீ ஒரு வார்த்த சரியா சொல்லியிருக்க" என்றார்.

விஷயம் இதுதான். ரேடியோவில் என் பாட்டு வரும்போது அதே பாட்டை, அதே சமயத்தில் நான் சமையலறையிலிருந்து பாட வேண்டும். சமையலறை நிலைப்படியில் இவர்கள் இரண்டு பேரும் நிற்பார்கள். ஒரு காது கூடத்துக்கு, ஒரு காது சமையலறைக்கு. எந்த ஸ்பீக்கர் என் குரல் மாதிரியே பாடுகிறது என்று கையோடு தெரிந்துவிடும்.

"நான் கேக்கணும்" என்றேன்.

"நீ பாடினதுதான, உனக்குத் தெரியாததா?" என்றார் இவர். கேலி இல்லை, கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"என்னங்க, நான் இதுவரைக்கும் கேட்டதே இல்லீங்க. ஒரு தடவதான் போடுவாங்க."

"அதான் அக்கா, ஒரு தடவதான் போடுவாங்க" என்றான் தம்பி. "இதைத் தவற விட்டா இந்த மாதிரி டெஸ்ட்டு பண்ணவே முடியாது. எங்க கம்பெனியிலயே இந்த வசதி கெடையாது. அசலும் பதிவும் ஒரே வூட்ல, ஒரே நேரத்துல."

பச்சடி முடிந்துவிட்டது. அடுத்து விருத்தாசலத்திலிருந்து என்று என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கு வாய் நீளம் என்று என் மாமியார் வீட்டில் ஏற்கெனவே பேர். வாயைத் திறந்தால் இரண்டு பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன். ஆனால் என் பாட்டு மூன்று நிமிஷமோ நான்கு நிமிஷமோதான். சண்டை போட்டால் அது சண்டையிலேயே போய்விடும். முதல் அடியை மட்டும் பாடித் தொலைப்போம், இவர்கள் வாய் மூடும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன்.

கூடத்தில் யாரோ பாட ஆரம்பித்தார்கள். நிலைப்படியை அடைத்து நின்றவர்களைத் தாண்டி, பக்கத்துத் தெருவில் பாடுகிற மாதிரி, தாளம் பிடிக்க மட்டும் போதுமான அளவுக்குக் கேட்டது. நான் கூடச் சேர்ந்துகொண்டேன். அவ்வளவுதான், என் காதுக்குள் என் தொண்டைதான் நிறைந்தது. குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கூடம் வரைக்கும் எட்ட வேண்டுமே என்று உரக்கப் பாடினேன். நிலைப்படியில் இரண்டு பேரும் கண்ணை மூடி நின்றார்கள். தலை இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பும். தம்பி கையை மட்டும் நீட்டி, நீளமான ஒயரின் நுனியில் இருந்த சுவிட்சைத் தள்ளுவான். இரண்டு தலையும் மறுபடி திரும்பும்.

முதல் அடி முடிந்ததும் நிறுத்தினேன். கூடத்திலிருந்து ஒரு வார்த்தை, அரை வார்த்தை வந்திருக்கும். அது என்னுடையதா என்று யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலேயே, பாடு பாடு என்று கையை ஆட்டினார். பாடினேன். இரண்டாவது அடியில் மறுபடி நிறுத்தி, எழுந்து நிலைப்படிக்கு வந்தேன். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று வழியை அடைத்திருந்தார்கள். "அக்கா, போ போ, இப்பத்தான் பெட்டிக்கு மாத்தியிருக்கேன், அசல் வேணும்" என்றான் தம்பி. திரும்பிப் போய் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டை விடவில்லை, அழுதுகொண்டே பாடினேன். ஏன் விடவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சொன்னதைச் செய்து முடிக்கிற பழக்கம் ஒரு பெரிய வியாதி.

கடைசி அடி முடிந்தது. கூடத்தில் வேறு யாரோ கூந்தல் பராமரிப்பு பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நிலைப்படியில் தீர்ப்பு நடந்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள்.

"குழாய் சொன்னதை நான் தப்பு சொல்ல மாட்டேன் மாமா. நல்லாத்தான் இருந்துச்சு."

"பெட்டியும் மோசமில்ல மாப்ள. சும்மா சொல்லக் கூடாது."

"ஆனா முடிவுக்கு வர முடியல. ரெண்டு ஸ்பீக்கரும் ஸ்டெடியா இருந்துச்சு. அசல்லதான் நடுக்கம்."

"ஆமா, நானும் கவனிச்சேன். பாதிக்கு மேல அசல் கெட்டுப் போச்சு."

பிறகு தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, கடைசியில குரல் ஏன் அப்படி ஆடுச்சு?"

"அழுதுகிட்டு இருந்தேன்" என்றேன்.

இவர் உள்ளே வந்து என் எதிரில் குந்தினார். என்னவோ சொல்ல வந்து, கடைசியில், "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போமே" என்றார். நல்ல மனுஷர்தான். ஒரு நாளும் என் மேல் கை ஓங்கியதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டு வந்து கொடுப்பார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். பாயசத்தை எடுத்து இரண்டு பேருக்கும் ஊற்றினேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்கள். சாயந்தரம் ரயிலேறும்போது தம்பி, ரேடியோ நிலையத்தில் தனக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பதாகச் சொன்னான். அவனுக்குத் தெரிந்தவர் யாரும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனால் ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். தலைமை ஆசிரியை கேட்டிருந்தார். பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். கடலை விற்கிற அம்மாள் கேட்டிருந்தாள். திட்டக்குடியில் ஒரு டீச்சரின் மாமனார் கேட்டாராம். ஊரே கேட்டிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டேன். பாராட்டுக்கு அலைகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நல்லா இருந்துச்சு, ரொம்ப நல்லா இருந்துச்சு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கணக்கு டீச்சர் பொய் சொல்லத் தெரியாதவர். ஓய்வு அறையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வீட்டில் ஒரு சின்ன செட், காகிதம் கிழிந்துபோன ஸ்பீக்கர், சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்.

"நீங்க கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டனே. எங்க மாமியாருக்குப் பாதியிலயே கண்ணு சொக்கிடுச்சு."

"எப்படி இருந்துச்சு? பாட்ட சொல்லல. குரல கேக்கறேன்."

அவர் யோசித்தார்.

"உங்க குரல் மாதிரியேதான் இருந்துச்சு டீச்சர்" என்றார்.

"என் குரல் எப்படி இருக்கும் டீச்சர்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதென்னங்க கேள்வி, உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் பீரியடுக்கு எழுந்து போனார்.